உறைநிலைக் கருக்களை இன்னொரு குடும்பத்துக்கு அளிக்கச் சட்டம் இடம் தர வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் வசிக்கும் உங்கள் நீண்டகால வாசகி நான். குழந்தையின்மைச் சிகிச்சை குறித்துத் தமிழ் நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகைப்பட்டவையாக இருக்கின்றன: பல ஆண்டுகள் காத்திருந்து குழந்தை பெற்ற தம்பதியின் மகிழ்ச்சி, அல்லது மோசடி செய்து பிடிபட்ட மையத்தின் மீதான வழக்கு. சிகிச்சை பலித்த பிறகு, கருப்பையில் வைக்கப்படாமல் மையத்தின் திரவ நைட்ரஜன் கலனில் உறைந்த நிலையில் மிஞ்சிக் கிடக்கும் கருக்களைப் பற்றி எவரும் எழுதி நான் பார்த்ததில்லை. அத்தகைய கருக்களுக்கு உரிய தம்பதிகளில் ஒருத்தியாக இதை எழுதுகிறேன். எங்கள் கருக்களைக் குழந்தையில்லாத வேறொரு தம்பதிக்கு, ஒரு ரூபாயும் பெறாமல், கொடுத்துவிடுவது என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். ஆனால் அதற்கு இன்றைய சட்டத்தில் இடமில்லை. அந்த இடம் வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை.

ஆய்வகத்தில் கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப் முறையில் எங்களுக்குப் பிறந்த குழந்தைகள் இருவர். மூத்தவள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். இளையவன் இப்போதுதான் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். இருவரும் ஒரே சமயத்தில் எடுத்த கருமுட்டைகளிலிருந்து உருவானவர்கள். அன்று ஐந்தாம் நாள் நிலை வரை வளர்ந்து, தரமானவை என்று ஆய்வகத்தில் கருக்களை வளர்க்கும் நிபுணரான எம்பிரியாலஜிஸ்ட் குறித்து வைத்த கருக்களில் மூன்று, மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இன்னமும் இருக்கின்றன. இரண்டாவது பிரசவத்தில் ஏற்பட்ட சிக்கலுக்குப் பின் நான் மீண்டும் கருத்தரிக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அந்த மூன்றும் எங்களுக்குப் பயன்படப் போவதில்லை. ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணத்துக்கான கடிதம் வரும்போதெல்லாம், இவற்றை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வரும்.

முடிவு எளிதில் கைகூடவில்லை. கட்டணத்தைக் கட்டிவிட்டால் இன்னும் ஓர் ஆண்டுக்கு யோசிக்க வேண்டியதில்லை என்பதால், நாங்கள் இருவருமே பேச்சைத் தள்ளிப் போட்டோம். பலரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று மையத்தின் ஆலோசகர் சொன்னார். அழிய விடுவது என்றால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை எம்பிரியாலஜிஸ்டிடம் கேட்டேன். கலனிலிருந்து எடுத்து அறை வெப்பத்தில் வைத்துவிடுவோம், வேறொன்றும் இல்லை என்றார். ஐந்து நாள் கரு என்பது நூறு, இருநூறு செல்கள் சேர்ந்த, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒன்று. அதற்கு நரம்பு கிடையாது, வலி கிடையாது. பிறந்த குழந்தைக்கு அதைச் சமமாக நான் கருதவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உறைநிலைக் கருக்களும் சட்டப்படி குழந்தைகளே என்று தீர்ப்பளித்தபோது, அங்குள்ள மையங்கள் சில அஞ்சிச் சிகிச்சையையே நிறுத்தி வைத்தன. அப்படியொரு நிலை நம் நாட்டில் வரவே கூடாது. கருக்களை அழிய விடுவதென்று முடிவெடுக்கும் தம்பதியரை நான் ஒருபோதும் குறை கூற மாட்டேன். அது அவர்கள் உரிமை.

ஆனாலும் எங்களால் அப்படி முடிவெடுக்க இயலவில்லை. எங்கள் மகள் இந்த மூன்று கருக்களோடு ஒரே நாளில், ஒரே ஆய்வகத்தில் உருவானவள். எதை முதலில் கருப்பைக்குள் வைப்பது என்பதை எம்பிரியாலஜிஸ்ட் நுண்ணோக்கியில் பார்த்து இட்ட மதிப்பெண் தீர்மானித்தது. அந்த வரிசை சற்றே மாறியிருந்தால் வேறொரு குழந்தை எங்கள் வீட்டில் ஓடித் திரிந்திருக்கும். இவள் கலனில் இருந்திருப்பாள். இந்த எண்ணம் மனத்தில் பதிந்த பிறகு, வாய்ப்புக் கிடைத்தால் வளரக்கூடியவற்றை, அவற்றுக்காக ஏங்கும் ஒரு குடும்பம் இருக்கும்போது, எடுத்து வெளியே வைத்துவிடச் சொல்லிக் கையெழுத்திட எனக்கு மனம் வரவில்லை.

என் கணவருக்கு வேறோர் அச்சம் இருந்தது. நம் பிள்ளை எங்கோ ஒரு வீட்டில் வளர்கிறதே, வேளைக்குச் சாப்பிட்டதா, யாரிடமாவது அடி வாங்குகிறதா என்று வாழ்நாள் முழுதும் தவிக்க வேண்டியிருக்குமே என்றார். அந்த அச்சம் நியாயமானது. பல மாதங்கள் பேசிப் பேசித்தான் அதிலிருந்து நாங்கள் வெளியே வந்தோம். நாங்கள் கொடுக்கப் போவது குழந்தையை அன்று, குழந்தையாகக்கூடிய ஒரு வாய்ப்பை. உறைநிலையிலிருந்து மீட்கும் கருக்கள் எல்லாமே கருப்பையில் ஒட்டி வளர்ந்துவிடுவதில்லை. மூன்றும் வீணாகிப் போகவும் கூடும். ஒன்று தங்கி வளர்ந்தால், அதை ஒன்பது மாதம் சுமந்து, பெற்று, பாலூட்டி, இரவெல்லாம் தோளில் போட்டுத் தூங்க வைக்கப் போகிறவள் எவளோ அவளே அதன் தாய். அதில் எங்களுக்குப் பங்கு கேட்க உரிமையில்லை என்பதை இருவரும் மனமார ஏற்ற பிறகுதான் மையத்தாரிடம் போய்ப் பேசினோம்.

அங்கேதான் சட்டம் குறுக்கே நின்றது. நாடாளுமன்றம் 2021இல் நிறைவேற்றி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, கருக்களைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சேமித்து வைக்கக் கூடாது என்கிறது. அந்தக் காலம் முடிந்ததும் அவற்றை அழிய விட வேண்டும், அல்லது உரிய தம்பதியின் சம்மதத்தோடு பதிவு பெற்ற ஆய்வு நிறுவனத்துக்கு அளிக்க வேண்டும். 29ஆவது பிரிவோ, கருமுட்டை, விந்தணு, கரு ஆகியவற்றை நேரடியாகவோ மறைமுகமாகவோ விற்பதற்கும் பிறருக்கு மாற்றித் தருவதற்கும் தடை விதிக்கிறது. சொந்தக் கருவைச் சொந்தப் பயனுக்காக, இச்சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய வாரியத்தின் அனுமதியோடு இடம் மாற்றுவதற்கு மட்டுமே விலக்கு உண்டு. சட்டத்தை மீறும் மருத்துவருக்கு முதல் தடவையே 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் சிறை. இந்த நிலையில் எந்த மருத்துவரும் எங்களுக்கு உதவ முன்வர மாட்டார். வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. இச்சட்டம் வருவதற்கு முன்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2005ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் மட்டும் இருந்த காலத்தில், ஒரு தம்பதியின் மிஞ்சிய கருவை இன்னொரு தம்பதி பெற்றுக்கொள்வது நம் நாட்டு மையங்களில் நடந்துகொண்டுதான் இருந்தது.

இந்தத் தடையில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. மையத்தின் காத்திருப்புக் கூடத்தில் ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பேருந்தில் வந்தவர்கள், கோலார் தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்தவர்கள் என்று எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தங்கவயலிலிருந்து வந்த ஒரு தம்பதியில் மனைவிக்கு முப்பது வயதைத் தாண்டுவதற்குள் கருமுட்டை இருப்பு தீர்ந்துவிட்டது. கணவருக்கு விந்தணுவே இல்லை. கருமுட்டை ஒரு கொடையாளரிடமிருந்தும் விந்தணு இன்னொருவரிடமிருந்தும் பெற்று, ஆய்வகத்தில் புதிதாகக் கரு உருவாக்கிக்கொள்ளலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சட்டம் அதை அனுமதிக்கிறது. அப்படிப் பிறக்கும் குழந்தைக்குத் தாயோடும் தந்தையோடும் மரபணுத் தொடர்பு அறவே இருக்காது. ஆயினும் 31ஆவது பிரிவின்படி அது அவர்களுடைய சொந்தக் குழந்தையே, சொத்துரிமை உட்பட எல்லா உரிமைகளும் அதற்கு உண்டு, கொடையாளர்களுக்குப் பெற்றோர் உரிமை எதுவும் இல்லை. நல்ல சட்டம், மனிதத்தன்மையுள்ள சட்டம். இரு கொடையாளர்களின் கருமுட்டையையும் விந்தணுவையும் கொண்டு அந்நியக் கரு ஒன்றைப் புதிதாக உருவாக்கி அத்தாயின் கருப்பையில் வைக்கலாம் என்று சொல்லும் அதே சட்டம், ஏற்கெனவே உருவாகி, உரியவர்கள் மனமுவந்து தர நிற்கும் கருவை வைக்கக் கூடாது என்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

இதில் இன்னொரு பெண்ணின் உடலும் அடங்கியிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கருமுட்டை கொடுக்கும் பெண் பத்து நாளுக்கும் மேலாக ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு, மயக்க மருந்தின் துணையோடு, ஊசி வழியாகக் கருமுட்டைகளை எடுக்கக் கொடுக்க வேண்டும். சினைப்பைகள் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மருத்துவமனையில் கிடக்க நேர்ந்த பெண்களும் உண்டு என்பதை, நானே அந்த ஊசிகளைப் போட்டுக்கொண்டவள் என்ற முறையில் கேட்டறிந்திருக்கிறேன். இந்த ஆபத்தை எண்ணித்தான் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவர் மட்டுமே, வாழ்நாளில் ஒரே ஒரு முறை மட்டுமே, ஏழு கருமுட்டைகளுக்கு மிகாமல் கொடுக்கலாம் என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. மிஞ்சிய கருவைப் பெறும் தம்பதிக்காக எந்தப் பெண்ணும் இந்த வேதனையைப் புதிதாகப் பட வேண்டியதில்லை. பெறுகிறவளுக்குக் கருப்பை உட்சுவரைத் தயார் செய்யும் மருந்தும், கருவை உள்ளே வைக்கும் சிறு சிகிச்சையும் போதும். செலவும் அதற்கேற்பக் குறையும். கடன் வாங்கிச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

சட்டம் ஏன் இத்தனை கடுமையாக எழுதப்பட்டது என்பது எனக்குத் தெரியாததன்று. ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியைப் பெற்ற தாயே உடந்தையாக இருந்து, பொய்யான வயதுச் சான்று காட்டி, பல தடவை கருமுட்டை விற்க வைத்த கொடுமை 2022இல் வெளிவந்ததை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பணம் புழங்கும் இடத்தில் ஏழைப் பெண்ணின் உடல் சரக்காகிவிடும் என்ற அச்சம் உண்மையானது. கரு விற்பனைக்கு உள்ள தடை ஓர் எழுத்தும் தளரக் கூடாது என்றே நானும் சொல்வேன். ஆனால் விற்பனையையும் விலையில்லாக் கொடையையும் சட்டம் ஒரே வாக்கியத்தில் வைத்துத் தடுப்பது சரியில்லை. உயிரோடிருக்கும்போது சிறுநீரகம் கொடுப்பதில் எத்தனையோ முறைகேடுகள் நடந்தன. அதற்காக உறுப்புக் கொடையையே அரசு தடை செய்துவிடவில்லை. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தைக் கொண்டுவந்து, அனுமதிக் குழுக்களை அமைத்து, முறைப்படுத்தியது. கருக்களுக்கும் அந்த வழியே பொருந்தும்.

உறவினர்களிடையே இதைப் பற்றிப் பேசியபோது நான் அதிகம் தயங்கியது என் மாமியாரிடம் சொல்லத்தான். வேலூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். நம் ரத்தம் இன்னொருவர் வீட்டில் வளர்வதா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. அவருடைய அக்கா தன் மூன்றாவது மகனைக் குழந்தையில்லாத தங்கை ஒருத்திக்குச் சுவீகாரம் கொடுத்தவர். அந்தப் பிள்ளை பெற்றவளைப் பெரியம்மா என்று அழைத்தே வளர்ந்தான்; ஆனால் எல்லாம் அறிந்தே வளர்ந்தான், உடன்பிறந்தவர்களின் கல்யாணங்களில் முன்னே நின்றான். அதை நினைவுபடுத்திவிட்டு அவர் சொன்னார்: “கொடுக்கிறதா இருந்தா கொடுங்க. ஆனா யாருக்குக் கொடுத்தோம்னு தெரியாம மட்டும் கொடுக்காதீங்க.” இந்த விஷயத்தில் நான் கேட்ட மிகச் சரியான யோசனை இதுதான்.

ஏனென்றால் எங்கள் மகளுக்கும் மகனுக்கும், அந்தக் கருவிலிருந்து பிறக்கும் குழந்தை முழு உடன்பிறப்பு. ஒருநாள் அவர்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும், சொல்வோம். மறுபுறம் அந்தக் குழந்தைக்கும் தன் பிறப்பு எப்படிப்பட்டது என்று அறிய உரிமை உண்டு. குடும்பத்தில் வரும் நோய்களைப் பற்றி மருத்துவரிடம் சொல்லவாவது அது தெரிந்திருக்க வேண்டும். பெங்களூருத் தமிழர்கள் நாம் பெரும்பாலும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றியே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். ஒரே ஊரில், ஒரே சமூக வட்டத்தில், தாங்கள் உடன்பிறந்தவர்கள் என்பதை அறியாத இருவர் திருமணப் பேச்சு வரை வந்துவிடும் வாய்ப்பு எவ்வளவு சிறிதானாலும் அதை அடைத்தே ஆக வேண்டும். பிரிட்டனில் 2005 ஏப்ரல் முதல், கொடையாகப் பெற்ற கருவிலிருந்தோ கருமுட்டையிலிருந்தோ விந்தணுவிலிருந்தோ பிறக்கும் குழந்தைகள் 18 வயதானதும் கொடையாளர் யார் என்று அறிய முடியும். நியூசிலாந்தில் கருக் கொடை ஒவ்வொன்றையும் ஓர் அறநெறிக் குழு தனித்தனியே பரிசீலித்து ஒப்புதல் தருகிறது. கொடுக்கும் குடும்பமும் பெறும் குடும்பமும் ஆலோசகர் முன்னிலையில் சந்தித்துப் பேசிக்கொள்கின்றன. பெயரை மறைத்து நடக்கும் கொடையைக் காட்டிலும் இந்த வழி மேலானது என்பது என் துணிபு. இங்கும் மையங்களின் ஆவணங்கள் பத்து ஆண்டுகளுக்குப் பின் தேசியப் பதிவேட்டுக்குச் செல்ல வேண்டும் என்ற விதி சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே பதிவுக்கான ஏற்பாட்டைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொடையாளர் என்ன சாதி, என்ன நிறம் என்று கேட்கும் தம்பதிகள் குறைவில்லை என்று ஆலோசகர் வருத்தத்தோடு சொன்னார். இரத்த வகையும் உடல்நலக் குறிப்பும் கேட்கலாம், கேட்க வேண்டும். அதற்கு மேல் கேட்கிறவருக்குக் கருவைத் தருவதற்கு நாங்கள் சம்மதிக்க மாட்டோம். இன்ன சாதியாருக்குத்தான் தருவோம் என்று நிபந்தனை போடும் கொடையாளரின் கருவையும் ஏற்கக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிடுவது நல்லது.

குழந்தை வேண்டுகிறவர்கள் அனாதைக் குழந்தையைத் தத்தெடுக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். ஆனால் மத்தியத் தத்து ஆணையத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் தம்பதிகளின் எண்ணிக்கை, சட்டப்படி தத்துக்குத் தயாராக உள்ள குழந்தைகளின் எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு. சிறு குழந்தை வேண்டுமானால் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஒரு வழி இருப்பதால் இன்னொரு வழியை அடைக்க வேண்டியதில்லை. தவிர, தன் வயிற்றில் ஒரு குழந்தையைச் சுமக்க வேண்டும் என்ற ஏக்கத்தை, வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் “விசேஷம் ஒன்றும் இல்லையா” என்று கேட்க, அடுத்தவர் வளைகாப்பில் ஓரமாக நிற்க நேர்ந்த பெண் உணர்வது போல மற்றவர்கள் உணர்ந்துவிட முடியாது.

பத்து ஆண்டு வரம்பையும் மறுபடி பார்க்க வேண்டும். மைனஸ் 196 டிகிரியில் கருவுக்கு வயது ஏறுவதில்லை. 1994இல் உறைய வைத்து, பின்னர் இன்னொரு தம்பதிக்குக் கொடுக்கப்பட்ட கருவிலிருந்து 2025 ஜூலையில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆரோக்கியமான குழந்தை பிறந்தது. பிரிட்டனில் இப்போது 55 ஆண்டுகள் வரை, அவ்வப்போது சம்மதத்தைப் புதுப்பித்துக்கொண்டு, சேமித்து வைக்கலாம். கருவை உறைய வைத்துப் பயன்படுத்தியதாகக் கல்கத்தாவின் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி 1978இலேயே அறிவித்து, அதற்காக ஏளனத்துக்கும் அலைக்கழிப்புக்கும் ஆளாகி, 1981இல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அவருடைய பணியின் பெருமையை நாடு ஏற்றுக்கொண்டது வெகு காலத்துக்குப் பிறகுதான். இந்தத் துறையில் நாம் காலம் தாழ்த்தி உணர்ந்தது அந்த ஒரு தடவையோடு போதும்.

நான் வேண்டுவது இதுதான். மத்திய சுகாதார அமைச்சகமும் தேசிய வாரியமும், 28, 29ஆம் பிரிவுகளில் திருத்தம் கொண்டுவந்து, தங்கள் சிகிச்சையை முடித்துக்கொண்ட தம்பதி இருவரும் எழுத்து மூலம் சம்மதித்தால், விலையின்றி, பதிவு பெற்ற மையத்தின் வழியாக, மாநில வாரியத்தின் ஒப்புதலோடு, மிஞ்சிய கருவைத் தகுதியுள்ள தம்பதிக்கு அளிக்க வழி செய்ய வேண்டும். ஒரு தம்பதியின் கருக்கள் ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டுமே செல்ல வேண்டும். இரு தரப்புக்கும் ஆலோசனை கட்டாயமாக வேண்டும். அதுவும் அவரவர் தாய்மொழியில். கருப்பையில் கருவை வைக்கும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று இப்போது சிகிச்சை பெறுவோருக்கு இருக்கும் உரிமை, கொடுப்பவருக்கும் இருக்கட்டும். வைத்த பிறகு எவருக்கும் இருக்கக் கூடாது. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும். எங்களைப் போல ஆண்டுதோறும் கட்டணம் கட்டிக்கொண்டு முடிவெடுக்க இயலாமல் இருக்கும் வாசகர்கள், கொடுக்க விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தங்கள் கருத்தை உங்கள் பகுதிக்கு எழுதினால் சட்டம் இயற்றுகிறவர்களுக்கும் அது உதவும்.

எங்கள் கருக்களுக்குச் சட்டம் கொடுத்த காலம் முடிய இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. அதுவரை சேமிப்புக் கட்டணத்தைத் தவறாமல் கட்டி வருவது என்று தீர்மானித்திருக்கிறோம். அதற்குள் வழி பிறக்காவிட்டால், படிவத்தில் ஆய்வுக்கு அளிப்பதாகக் கூறும் இடத்தில் இருவரும் கையெழுத்திடுவோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு.